மறதி தொடங்கும்போது ஹிப்போகாம்பஸ் ஏன் கூடுதலாக உழைக்கிறது?

என் சித்தப்பாவுக்கு 71 வயது. காலையில் யார் வந்து பேசிவிட்டுப் போனார்கள் என்பதைக் கடந்த ஓராண்டாக அவர் மாலைக்குள் மறந்துவிடுகிறார். ஆனால் வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் இன்றும் அவரேதான் கவனித்துக்கொள்கிறார். நரம்பியல் மருத்துவர் இதனை ‘லேசான அறிதிறன் குறைபாடு’ என்று எழுதி, எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார். அறிக்கையை வாங்கியதும் சித்தப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “ஏம்ப்பா, மூளை நல்லா வேலை செய்யுதான்னு இதுல தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் எடுத்துக்கொண்டது மூளையின் வடிவத்தைக் காட்டும் படம். அதன் வேலையைக் காட்டும் படம் வேறு. அந்த வேறு வகைப் படத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், நான் சற்றும் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் 1999 இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே, வயதுக்குரிய மறதிக்கும் அல்சைமர் நோய்க்கும் நடுவிலுள்ள இந்த இடைநிலை பரவலாகப் பேசப்படலாயிற்று. நினைவுச் சோதனையில் வயதுக்குரிய அளவைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றாலும் அன்றாட வாழ்க்கையைத் தாமே நடத்திக்கொள்ளக்கூடியவர்களையே அவர்கள் இப்பிரிவில் சேர்த்தார்கள். அவர்களில் ஆண்டுக்குச் சுமார் 12 விழுக்காட்டினர் அல்சைமர் நோயின் முழு நிலைக்குச் சென்றார்கள். நலமான முதியவர்களிடையே அது 1 முதல் 2 விழுக்காடுதான். பிற ஆய்வுகளில் பலர் ஆண்டுக்கணக்கில் அதே நிலையில் இருந்ததும், சிலர் இயல்பு நிலைக்கே திரும்பியதும் பதிவாகியுள்ளன. ஆகவே, யார் எந்தப் பக்கம் போவார் என்பதை முன்கூட்டி அறிவதற்கே படங்கள் பெரிதும் நாடப்படுகின்றன.

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர்கள் முதலில் தேடுவது ஹிப்போகாம்பஸைத்தான். பொட்டுப்பகுதிக்கு உட்புறமாக, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 கன சென்டிமீட்டர் அளவில், கடற்குதிரையைப் போல வளைந்திருக்கும் இப்பகுதி இல்லாமல் புதிய நினைவுகள் தங்குவதில்லை. 1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடும் வலிப்பை நிறுத்துவதற்காக இரு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் அவர் வாழ்ந்த 55 ஆண்டுகளிலும் புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நலமான முதியவர்களிடம் இப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு சுருங்குகிறது. அல்சைமர் நோயாளிகளிடம் அது சராசரியாக ஏறத்தாழ 4.7 விழுக்காடு. லேசான குறைபாடு உள்ளவர்கள் பொதுவாக இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறார்கள். இதுவரை எதிர்பார்த்தபடியேதான் எல்லாம் இருந்தது.

மூளையின் வேலையைக் காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. வேறு வழியில் இயங்குகிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் அவ்வாறு செய்யாது. 1990 இல் ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைப் படமெடுக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மூளையின் ஒரு பகுதி முனைந்து வேலை செய்யும்போது அங்கே அது செலவிடுவதைவிட அதிகமான ஆக்சிஜனுடன் இரத்தம் பாய்வதால் சமிக்ஞை சற்று உயர்கிறது. அந்த உயர்வு பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடுதான். நாம் இதழ்களில் பார்க்கும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறங்களல்ல. இரண்டு வேலைகளை ஒப்பிட்டுக் கணக்கிட்ட புள்ளியியல் வேறுபாட்டுக்குப் பூசப்பட்ட சாயம். இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்தச் சாயத்தைப் பார்த்தவுடன் ‘இங்கே நன்றாக வேலை நடக்கிறது’ என்று எண்ணிவிடும் பழக்கம் எனக்கும் இருந்ததுதான்.

நினைவு குறைந்தவர்களிடம் ஹிப்போகாம்பஸின் செயல்பாடும் குறைந்திருக்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றும் ஊகம். 2003 இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் 2005 இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் நேர்மாறான முடிவை வெளியிட்டார்கள்: லேசான குறைபாடு உள்ளவர்கள் புதியவற்றை மனத்தில் பதிக்க முயலும்போது அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் நலமானவர்களுடையதைவிட அதிகமாகச் செயல்பட்டது. இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். 2006 இல் அதே பாஸ்டன் வட்டாரத்திலிருந்து வந்த மற்றொரு ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. முகத்தையும் பெயரையும் இணைத்து நினைவில் வைக்கும் பயிற்சியை அதில் கொடுத்தார்கள். மறதி உள்ளவர்கள் முதலில் முறையிடுவதும் இதைப் பற்றித்தானே. குறைபாடு மிக லேசாக இருந்தவர்களிடம் செயல்பாடு மிகுந்தும், சற்று முற்றியவர்களிடம் அல்சைமர் நோயாளிகளைப் போலக் குறைந்தும் இருந்தது. அதாவது, கோடு முதலில் மேலே ஏறிப் பின்னர் கீழே சரிகிறது. எந்தப் படியில் நிற்பவர்களை ஆய்வுக்குச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறியது என்று கொண்டால் முன்னைய முரண்பாடு பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் அந்தக் கூடுதல் உழைப்புக்கு என்ன பொருள்? ஆள் குறைந்த இடத்தில் மிஞ்சியவர்கள் இரட்டிப்பு வேலை செய்வதைப் போல, சேதத்தை ஈடுகட்ட மூளை முயல்கிறது என்பது ஒரு விளக்கம். ஆறுதலளிக்கும் விளக்கமும் அதுவே. நெடுநாள் நானும் அதையே நம்ப விரும்பினேன். அடக்கிவைக்கும் நரம்பணுக்கள் பழுதானதால் மற்றவை தேவையின்றித் துடிக்கின்றன, அந்த இரைச்சலே நினைவைக் கெடுக்கிறது என்பது மற்றொரு விளக்கம்.

இரண்டையும் பிரித்தறிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் பக்கரும் மைக்கேலா காலகரும் குழுவினரும் கையாண்ட வழி எளிமையானது: அந்தத் துடிப்பைக் குறைத்துப் பார்த்தார்கள். ஈடுகட்டும் உழைப்பு என்றால் அதைக் குறைத்ததும் நினைவு மேலும் மோசமாக வேண்டும். இரைச்சல் என்றால் தெளிவாக வேண்டும். 2012 இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் லேசான நினைவுக் குறைபாடு கொண்ட 17 பேருக்கு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தை 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருவேளையாக இரண்டு வாரம் கொடுத்தார்கள். வலிப்புக்குத் தரும் அளவைவிட இது மிகவும் குறைவு. மற்றோர் இரு வாரம் மருந்தில்லாத போலி மாத்திரை. பிறகு ஸ்கேனருக்குள் பொருள்களின் படங்களைக் காட்டி, முன்பு பார்த்ததா, புதியதா, முன்பு பார்த்ததைப் போன்ற வேறொன்றா என்று கேட்டார்கள். இந்த மூன்றாவது வகையில்தான் மறதி உள்ளவர்கள் தடுமாறுவார்கள். ஒத்த தோற்றம் உள்ளதைப் பழையதென்றே சொல்லிவிடுவார்கள். வண்டியை இன்று நிறுத்திய இடத்தையும் நேற்று நிறுத்திய இடத்தையும் குழப்பிக்கொள்வது இதே வகைத் தவறுதான். மருந்து எடுத்துக்கொண்டபோது ஹிப்போகாம்பஸின் மிகைத் துடிப்பு தணிந்தது, விடைகளும் மேம்பட்டன.

வலிப்பை நிறுத்த ஹிப்போகாம்பஸை வெட்டியெடுத்து நினைவை இழந்த மனிதரிடமிருந்து தொடங்கிய அறிவு, வலிப்பு மருந்தைக் கொண்டே நினைவைச் சீராக்க முயன்ற இடத்துக்கு வந்திருப்பதை எண்ணி நான் சற்று நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் மருந்துக்கடைக்கு யாரும் விரைய வேண்டாம். அதே குழுவின் அடுத்த ஆய்வில் 250 மில்லிகிராம் அளவில் அந்தப் பயன் கிட்டவில்லை. அம்மருந்தின் மெதுவாகக் கரையும் வடிவத்தை வைத்து 78 வாரங்கள் நடத்திய பெரிய சோதனையிலும் நோயின் போக்கு புள்ளியியல் அளவில் உறுதியாகும்படி மாறவில்லை.

அதனால் மிகைத் துடிப்பு பொருளற்றதாகிவிடாது. நரம்பணுக்கள் எவ்வளவு துடிக்கின்றனவோ அவ்வளவு அமிலாய்டு (அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதம்) வெளியாகிறது என்பதையும், அமிலாய்டுப் படிவுகளுக்கு அருகிலுள்ள அணுக்கள் மிகையாகத் துடிக்கின்றன என்பதையும் எலிகளில் காட்டியுள்ளார்கள். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி இது. மனிதர்களிடம் அந்தப் படிவைக் காண, சிறிதளவு கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் தேவை. 2019 இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வில் 11,000க்கும் மேற்பட்டோருக்கு அப்படம் எடுத்தார்கள். லேசான குறைபாடு உடையவர்களில் 55 விழுக்காட்டினரிடமே அமிலாய்டு இருந்தது. மற்றவர்களின் மறதிக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பதே இந்த எண்ணிக்கையில் எனக்கு முக்கியமாகப்பட்டது.

சித்தப்பாவுக்குச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அது குழுக்களை ஒப்பிடப் பயன்படும் கருவி, தலை சற்று அசைந்தாலும் காலையில் காபி குடித்திருந்தாலும் சமிக்ஞை மாறும், தனி ஒருவருக்கு அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இரத்தத்தில் பி12, தைராய்டு அளவுகளைப் பார்க்கச் சொன்னார். இரவு உறக்கத்தைப் பற்றி விசாரித்தார். ஓராண்டு கழித்து, அளவுகளை ஒப்பிடுவதற்கு வசதியாக இதே ஸ்கேனரில் மீண்டும் ஒரு சாதாரண எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சித்தப்பா அந்தத் தேதியைத் தம் கையாலேயே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.