பெட்டிகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி

எங்கள் அலுவலகத்தில் பயிற்சி வகுப்புகளைக் கவனித்துக்கொள்ளும் அக்கா ஒருவர் இருக்கிறார். நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து, பதிவுப் படிவம், அதில் நிரப்பியது போய் விழும் அட்டவணை, பதிவு செய்தவருக்குத் தானாகப் போகும் மெயில் என்று எல்லாவற்றையும் நிரல் எழுதாமலேயே கட்ட உதவும் நோ-கோடு கருவிகளிலேயே கட்டிவிட்டார். திங்கட்கிழமை அதை எங்களிடம் காட்டியபோது டெவலப்பர்கள் நாங்கள் கொஞ்சம் முகம் சுளித்தோம். அதே வேலைக்கு நாங்கள் மூன்று வாரம் கேட்டிருந்தோம், அதுதான் காரணம்.

அவர் என்னிடம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. "தம்பி, சான்றிதழ்ல பேரு உடைஞ்சு உடைஞ்சு வருது. என்னன்னு பாரேன்."

பார்த்தேன். 'செல்வி' என்ற பெயரில், ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய், ல-வோடு ஒட்டிக்கொண்டு நின்றது. யூனிகோடில் ச முதலில், கொம்பு அடுத்தது என்றுதான் சேமிக்கிறோம். எழுத்தை வரையும் நேரத்தில்தான் அது இடம் மாற வேண்டும். உலாவிகளுக்குள் இதைச் செய்யத் தனி நிரலகம் உண்டு, குரோமில் ஹார்ஃப்பஸ். அக்கா பயன்படுத்திய பிடிஎஃப் கருவி அந்த வேலையைச் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிட்டது. அமைப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் இது தீராது. சரி, இந்த ஓர் இடத்துக்கு மட்டும் சொந்தமாக நிரல் எழுதுவோம் என்று முடிவு செய்தேன். சான்றிதழை ஒரு வலைப்பக்கமாக அமைத்து, திரையில்லாமல் ஓடும் குரோமை வைத்து பிடிஎஃப் ஆக்குவது. பைத்தானில் ஏறக்குறைய அறுபது வரி.

இணைப்பதும் சுலபமாகத்தான் தெரிந்தது. அட்டவணையில் ஒருவருக்கு எதிரே 'முடித்தார்' என்று டிக் போட்டால், ஆட்டோமேஷன் கருவி அந்த வரியை ஜேசான் என்ற தரவு வடிவில் என் நிரலின் முகவரிக்கு அனுப்பும். என் நிரல் அடுத்த எண்ணைக் கொடுத்து சான்றிதழைச் செய்து, இணைப்பைத் திருப்பித் தரும். கருவி அதை மெயிலில் வைத்து அனுப்பும். இப்படி ஒரு நிகழ்வு நடந்ததும் ஒரு முகவரியைத் தட்டிச் சொல்வதற்கு வெப்ஹூக் என்று 2007-இல் பெயர் வைத்தவர் ஜெஃப் லிண்ட்சே. வெள்ளைப்பலகையில் வரைந்தால் நான்கு பெட்டிகள், மூன்று அம்புக்குறிகள். பெட்டிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். அம்புக்குறிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒவ்வொருவராக டிக் போட்டுச் சோதித்தபோது எல்லாம் அழகாக ஓடியது. அப்புறம் ஒரு வகுப்பு முடிந்த மாலை, அக்கா நூறு பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் டிக் போட்டார். அவர் செய்ததில் தப்பில்லை, அட்டவணை இருப்பதே அதற்குத்தான். என் நிரலோ ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு குரோமைத் திறந்துகொண்டிருந்தது. நூறு குரோம் சேர்ந்ததில் சர்வர் மூச்சுத் திணறியது. கருவி சிறிது நேரம் காத்திருந்தது, பதில் வரவில்லை, போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அனுப்பியது. பிறகு இன்னொரு முறை. என் நிரல் மெதுவாக இருந்ததே தவிர நிற்கவில்லை. வந்த ஒவ்வொன்றுக்கும் புது எண் போட்டுச் சான்றிதழ் செய்தது.

காலையில் அக்கா போனில் ஒரு மெயிலைக் காட்டினார். ஒரே ஆள், ஒரே வகுப்பு, எண் 412, 467, 503 என்று மூன்று சான்றிதழ்கள். "இதுல எது செல்லும்னு கேக்குறாங்க, நான் என்ன சொல்லட்டும்?" என்னிடம் பதில் இல்லை.

கருவியைத் திட்டிப் பயனில்லை. வெப்ஹூக் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தருகிற உறுதி 'ஒரு முறையாவது வந்து சேரும்' என்பதுதான். 'ஒரே ஒரு முறை' என்று நான்தான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். திருத்தம் இரண்டு இடத்தில். ஒன்று, அழைப்பு வந்ததும் 'கிடைத்தது' என்று 202 பதிலை உடனே கொடுத்துவிட்டு, வேலையை வரிசையில் போட்டு நிதானமாகச் செய்வது. முடிந்ததும் இணைப்பை நிரலே அட்டவணையில் எழுதும், மெயில் அதன் பிறகுதான் கிளம்பும். இரண்டாவதுதான் முக்கியம்: அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் உள்ள அடையாள எண்ணை என் தரவுத்தளத்தில் தனித்துவமானதாக வைத்தேன். அதே வரி நாலாவது முறை வந்தாலும் பழைய சான்றிதழ் எண்ணே திரும்பிப் போகும், புதிது பிறக்காது. எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முந்நூறு பேருக்கு விளக்கம் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஆமாம், முந்நூறு பேர்தான். இதற்கு முன் பயிற்சி முடித்தவர்களும் 'என்னுடையது சரியானதுதானா' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் அமைதி. பிறகு ஒரு நாள் பெயரே இல்லாத சான்றிதழ்கள் போகத் தொடங்கின. "இவர் இப்பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்தார்." எவர் என்று அதில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்: அட்டவணையில் 'பெயர்' என்றிருந்த பத்தியை அக்கா 'சான்றிதழில் வர வேண்டிய பெயர்' என்று மாற்றியிருந்தார். சிலர் அழைக்கும் பெயரை நிரப்பிவிட்டுப் பிறகு வந்து சண்டை போட்டதால் செய்த மாற்றம். நியாயமான, நல்ல மாற்றம். என் நிரல் இன்னும் 'பெயர்' என்ற பத்தியைத் தேடியது. கிடைக்காவிட்டால் காலியாக எடுத்துக்கொள் என்று நானே எழுதி வைத்திருந்தேன். பிழை வந்து நிரல் நின்றுவிடக் கூடாது என்ற புத்திசாலித்தனம்! நின்றிருந்தால் முதல் ஆளோடு போயிருக்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. "அக்கா, பத்தி பேரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "அதைப் பாத்துட்டுதான் உன் புரோகிராம் ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சரியான கேள்வி. என் பார்வையில் அது ஒப்பந்தம். அவர் பார்வையில் வெறும் தலைப்பு. அப்படியொரு ஒப்பந்தம் இருப்பதை அவர் திரையில் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றங்கள் செய்தோம். ஏர்டேபிள் போன்ற அட்டவணைக் கருவிகளில் தலைப்புக்கு அடியில் மாறாத அடையாளம் ஒன்று ஒவ்வொரு பத்திக்கும் உண்டு. தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. எங்கள் கருவியிலும் இருந்தது, என் நிரலை அதோடு பிணைத்தேன். காலிப் பெயர் வந்தால் சான்றிதழ் செய்யாமல் நிற்கச் சொன்னேன். பிழை வந்தால் எனக்கு மெயில் வரும் என்று இருந்ததை, அவருடைய அட்டவணையிலேயே 'சிக்கல்' என்று ஒரு பத்தி சேர்த்து, அங்கே எழுதும்படி மாற்றினேன். '400 தவறான கோரிக்கை' என்றெல்லாம் இல்லை. "இவருடைய பெயர் காலியாக இருக்கிறது, நிரப்பிவிட்டு மறுபடி டிக் போடவும்" என்று தமிழில். வாசகங்களை அக்காதான் சொன்னார், நான் தட்டினேன். நான் எழுதியதில் அவர் உபயோகமானது என்று ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

நிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஸேப்பியரோ என்8என்னோ, இந்த ஆட்டோமேஷன் கருவிகளுக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எழுத ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். தேதியைத் திருப்பிப் போட, போன் எண்ணில் இடைவெளியை நீக்க அது போதும். இருபது வரியைத் தாண்டினால் வெளியே எடுத்து, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'டில் வைத்து, சோதனை எழுதிவிடுவேன். இருநூறு வரி நிரல் ஒரு பெட்டிக்குள் முடங்கிக் கிடந்ததை வேறொரு பிரிவில் பார்த்திருக்கிறேன். அதை யார் எழுதியது, எப்போது மாறியது என்று சொல்ல யாருமில்லை. தொடுவதற்கே பயந்தார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: மெயில் வாசகம், யாருக்கு எப்போது போக வேண்டும் என்பதையெல்லாம் நான் நிரலுக்குள் இழுத்துக்கொள்வதில்லை. ஒரு காற்புள்ளியை மாற்ற அக்கா என் மேசைக்கு வர வேண்டியிருந்தால், அந்த வார இறுதியில் அவர் கட்டியதற்கு அர்த்தமே இல்லை.

போன மாதம் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து நிரலின் லாக் பதிவேட்டைத் திறந்தால், ஒரு நாள் மதியம் 3:10-க்கு வரிசையாகப் பதினான்கு சிக்கல்கள். 3:26-க்கு அதே பதினான்கு பேருக்கும் சான்றிதழ் போயிருந்தது.

"என்னக்கா ஆச்சு அன்னிக்கு?"

"அதுவா? புதுசா சேர்ந்த பொண்ணு படிவத்தை நகல் எடுக்கும்போது பேரு கட்டாயம்னு வைக்க மறந்துட்டா. உக்காந்து போன் பண்ணிக் கேட்டுப் போட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன், உனக்கும் வந்துச்சா?" என்றார்.