இப்பத்தான் டீ குடிச்சேன்

"எனக்கும் நன்மை குடுப்பீங்களா அண்ணே?"

கேட்டது இவ்வளவுதான். கேட்டவர், இங்கே சிங்கப்பூரில் ஒரு பாட்டியின் வீட்டுப் பணிப்பெண். நன்மை என்று நாங்கள் சொல்வது நற்கருணையை, பூசையில் இயேசுவின் உடலாக வாங்கும் அப்பத்தை; கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். அதை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நான் கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சாம்மா?" என்று கேட்டேன். "இப்பத்தான் டீ குடிச்சேன்" என்றார். "அப்ப இன்னிக்கு வேணாம்மா. ஓபிர் ரோட்டுக் கோயிலுக்கு வாங்க, தமிழ்ப் பூசை இருக்கு." சரியென்று தலையாட்டிவிட்டுப் பாட்டியின் தலையணையை உயர்த்தி வைக்கப் போய்விட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறு வாரமாக அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குக் கோயிலில் தரும் பட்டியலில் எத்தனை பெயரோ, அத்தனை நற்கருணையை எண்ணித்தான் சிமிழில் வைத்து எடுத்துப்போவோம். அன்றைக்குத் தோ பாயோவில் ஒரே வீடு, ஒரே பெயர், சிமிழில் ஒன்றே ஒன்று. நான் சாமியார் இல்லை. கேட்டவருக்கெல்லாம் நீட்ட எனக்கு அதிகாரமும் இல்லை. அந்தப் பெண்ணோ பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்த பணிப்பெண், புதிதாகச் சேர்ந்தவர். ஞானஸ்நானம் வாங்கினவரா, புது நன்மை (முதல் நற்கருணை) எடுத்தவரா, எனக்கு எப்படித் தெரியும்?

தெரியும். அதுதான் சங்கடம். நான் உள்ளே நுழைந்தபோதே மேசையில் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி விரித்திருந்தது. மெழுகுவர்த்தி, விரல் கழுவ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர், உள்ளங்கை அளவு வேளாங்கண்ணி மாதா. அந்த வீட்டுக்கு நான் இரண்டு வருடமாகப் போகிறேன், அப்படி ஒரு மேசையைப் பார்த்ததில்லை. "நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர" என்று நான் தொடங்கினதும், பாட்டிக்குப் பதிலாக அவர்தான் "நான் தகுதியற்றவள்" என்று முடித்தார். புத்தகம் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பாட்டிக்கு விழுங்க முடியாது. தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கூழ்போல ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். நற்கருணையில் ஓர் அரிசிமணி அளவு பிட்டு, அந்தக் கூழில் நனைத்து, டீஸ்பூன் நுனியில் வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் பாட்டியின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "முழுங்குங்க பாட்டி, மெதுவா, மெதுவா" என்றார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதும் என்னைப் பார்த்து, போயிடுச்சு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார்.

சிமிழில் மீதி அப்படியே கிடந்தது. கிட்டத்தட்ட முழு நற்கருணை. பன்னிரண்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். கோயிலுக்குத் திரும்பிப் போய் நற்கருணைப் பேழையில் வைக்க நேரமில்லை, சிமிழோடு ஊர் சுற்றக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால் நானே உட்கொண்டேன். ஸ்பூனைக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்தேன். எல்லாம் முறைப்படிதான். காலைப் பூசையில் ஏற்கனவே நன்மை வாங்கினவன் நான். கேட்டவர் மூன்றடி தள்ளி, துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

என் அம்மா சின்ன வயதில் நன்மைக்கு முன் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருந்தவர்; பல் விளக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால் அன்று நன்மை கிடையாது. 1964-இல்தான் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாய் வேறு எதைக் கேட்கும்? இது சாக்கு என்று எனக்கே தெரிகிறது. 2020-இல் பூசைகள் நின்று, அப்புறம் பதிவு செய்தவர்களை மட்டும் உள்ளே விட்ட காலத்தில் வாசலில் நின்று பெயர் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பெயர் இல்லையென்றால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். அப்போது அது சரி. அந்தப் பழக்கம் அதற்கப்புறம் கையைவிட்டுப் போகவேயில்லையோ என்னவோ.

இரவு வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். திருச்சபைச் சட்டம் 919: வயதானவர்களும் நோயாளிகளும், அவர்களைப் பராமரிப்பவர்களும், ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். அது 1983. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1973 ஜனவரியில், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வந்த அறிவுரையிலேயே பராமரிப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைச் சுமார் கால் மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். சாமியார் அல்லாத, என்னைப் போன்ற பொதுநிலையினர் சிமிழைத் தொடலாம் என்று வழிவிட்டதும் அதே அறிவுரைதான். எனக்குச் சாதகமான பத்தியை மட்டும் படித்திருக்கிறேன்.

ஃபாதரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை குடுங்க" என்றார். அவருக்கு அது முடிந்த விஷயம். "ஓபிர் ரோட்டுக்கு வாங்க" என்று சொன்னேனே, அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. 2023 முதல் பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1888-இல் தமிழர்களுக்கென்று கட்டின கோயில் பேருந்து தூரத்தில்தான் இருக்கிறது, பாட்டியை யார் பார்த்துக்கொள்வது?

அடுத்த முறை சிமிழில் இரண்டு எடுத்துப்போனேன். பட்டியலில் நானே "பராமரிப்பவர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மேசை அதேபோல் தயாராக இருந்தது. "உங்களுக்கும் கொண்டாந்திருக்கேம்மா" என்றேன்.

"இல்லண்ணே. இன்னிக்கும் டீ குடிச்சிட்டேன்."

"உங்களுக்கு அது கணக்கில்லம்மா. நான்தான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவால்லண்ணே. பாட்டிக்குக் குடுங்க."

சமையலறை திறந்துதான் இருந்தது. சிங்க் பக்கம் கவிழ்த்து வைத்திருந்த கப்பில் ஈரமே இல்லை. கழுவித் துடைத்து வைத்திருக்கலாம். வேறு கப்பாகவும் இருக்கலாம். கோபமா, கூச்சமா, இல்லை நான் சொன்ன விதியை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாரா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ஷிஃப்டுக்கு இருபது நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை என்று, மீதியைக் கோயிலுக்கே கொண்டுபோய்ப் பேழையில் வைத்தேன். அதில் என்ன பரிகாரம் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னும் இரண்டு வாரத்தில் என் முறை. மறுபடி இரண்டு எடுத்துப்போனால் வற்புறுத்துவதுபோல் இருக்கும். ஒன்றோடு போனால் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்ட மாதிரி. "ஒண்ணே கொண்டு போங்க, கேட்டா பிட்டுக் குடுங்க" என்கிறாள் மனைவி. அன்றைக்கும் ஒன்றுதான் இருந்தது, பிட்டும் இருந்தேன்.