ஈறும் சர்க்கரையும்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தால், பிரஷ் கொஞ்சம் முரடாக இருக்கிறது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். சென்ற முறை பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு, “ஐந்து, ஆறு, ஐந்து” என்று மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்து, மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்றார். அடுத்து அவர் கேட்டது சர்க்கரை அளவைப் பற்றி.

கேள்வியில் நியாயம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் ஆழமான பைகளில் தங்கும் பாக்டீரியாக்களை எதிர்த்து உடல் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. உயர்ந்த சர்க்கரையோ ஈறின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ 1993-லேயே எழுதினார். கண்ணையும் காலையும் சோதிக்கச் சொல்பவர்கள் வாயை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்களோ தெரியவில்லை.

ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால், சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. மாத்திரைக்கு இது மாற்றாகாது என்றாலும், சிறிய குறைவு அல்ல. எனக்கு இரண்டாம் அமர்வு வியாழக்கிழமை. ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.