நாலு பாஸ்போர்ட், ஒரு கல்யாண சர்டிபிகேட்

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் கொழுந்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பியது நாங்கள் நாலு பேர். நான், அத்தை (என் மாமியார்), ஐந்து வயதுப் பெரியவன், ஒன்றரை வயதுச் சின்னவள். என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஷிப்மென்ட் நேரம், லீவு கிடையாது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை, 30 நாள் வரை இருந்துவிட்டு வரலாம். "அப்புறம் இன்னா, டிக்கெட் போட்டா முடிஞ்சுது" என்றார் இவர். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறினோம் என்று அவருக்கு இப்போது தெரியும்.

முதலில் அத்தை பாஸ்போர்ட். பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால் இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. நாங்கள் போய் வருவது பத்து நாள். போதாதா? போதாது. உள்ளே நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாசம் செல்லுபடியாக இருக்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கவனித்தது எங்கள் அதிர்ஷ்டம். சரி என்று ரீஇஷ்யூவுக்குப் போட்டோம். படிவம் நிரப்பும்போது ஒன்றைப் பாருங்கள். அத்தை பத்தாவது படிக்கவில்லை, அதனால் பழைய பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருந்தது. இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இனி அது தேவையில்லை. ஆனால் நாம் கேட்டால்தான் எடுப்பார்கள். பழையதைப் பார்த்து அப்படியே நிரப்பிவிட்டால் திரும்பவும் பத்து வருஷத்துக்கு அதே முத்திரைதான்.

வேலூர் பாஸ்போர்ட் கவுண்ட்டரில் அத்தை கைரேகை பதியவில்லை. இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றிய விரல்கள், ரேகை எல்லாம் இலையோடு போய்விட்டது. ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, நாலாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் கவுண்ட்டரில் இருந்த பையன் பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிறந்த மாவட்டம் வட ஆற்காடுன்னு இருக்கே, அது எங்கம்மா?" அத்தை விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ உக்காந்துகினு கீறியே, அதான்பா." 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான்.

அடுத்தது சின்னவள். உண்மையில் என்னை வயிறெரிய வைத்தது இதுதான்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். ஆதார், தடுப்பூசி அட்டை எதுவும் எடுபடாது. எங்களிடம் சான்றிதழ் இருந்தது. லேமினேட் செய்துகூட வைத்திருந்தோம். மே மாச வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், டோக்கன் வாங்கி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கவுண்ட்டருக்குப் போனால் அந்த அம்மா சான்றிதழைத் திருப்பி என் பக்கமே நீட்டினார். "இதுல குழந்தை பேர் எங்க?"

நான் பார்த்தேன். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆண்/பெண், தேதி, ஆஸ்பத்திரி, அப்பா, அம்மா எல்லாம் இருக்கிறது, பிள்ளைக்குப் பெயர் இல்லை.

கதை என்னவென்றால், பெயரை நாங்கள் வைத்துவிட்டோம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்தான் பாக்கி. எண் கணிதம் பார்க்கிறவர் ஒரு 'எச்' கூடச் சேர்க்கலாமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் என்றால் பெயர் பதிவதற்குக் காசு கிடையாது. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். 15 வயது வரைக்கும் சேர்க்கலாம்.

எங்கே சேர்ப்பது? நான் வேலூரில் கேட்டு ஒரு நாள் வீணாக்கினேன். நாம் குடியிருக்கும் ஊரில் இல்லை, குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவு. நம் வழக்கப்படி பிரசவம் அம்மா வீட்டில். அம்மா வீடு ஆரணிப் பக்கம். ஆக, குடியாத்தத்திலிருந்து வேலூர், அங்கிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக இன்னொரு பஸ். போனால் சம்பந்தப்பட்டவர் முகாமுக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு அங்கே இருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. "வருவாரு." மூன்று மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இரண்டாம் தடவை இவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் ஒன்று: அச்சடிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எங்கள் மகள் பெயரில் அவர்களே ஒரு 'எச்' சேர்த்திருந்தார்கள். எண் கணிதக்காரர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய வேலை.

திரும்ப பாஸ்போர்ட் கவுண்ட்டர். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்ஸர் டி' உறுதிமொழிப் படிவம், இருவர் பாஸ்போர்ட் அசல், நகல், வெள்ளைப் பின்னணியில் குழந்தையின் போட்டோ. நாலு வயதுக்குள் இருந்தால் போட்டோ நாம்தான் கொண்டுபோக வேண்டும். எல்லாம் சரி. அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: "பர்த் சர்டிபிகேட்ல உங்க பேருக்கு வீட்டுக்காரர் இனிஷியல், பாஸ்போர்ட்ல உங்க அப்பா பேரு. ரெண்டும் ஒரே ஆளா?"

என் பாஸ்போர்ட் காலேஜ் முடிக்கும்போது எடுத்தது. அதில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பிரசவத்தின்போது நர்ஸ் கேட்டதற்கு யாரோ இவர் இனிஷியலைப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கல்யாண சர்டிபிகேட் வேண்டும் என்றார். இவர் பைக்கில் குடியாத்தம் போய் எடுத்துவந்தார். நானோ வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்று சின்னவளைத் தோளில் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நகல் எடுத்தோம். ஒன்றைக் கொடுத்தோம். இன்னொன்றை நாலாக மடித்து டயப்பர் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தேன். அதை மறந்தும் போனேன்.

டிக்கெட்டில் பயணப் பிரதிநிதி பெரியவன் பெயரை 'கே' இனிஷியலோடு போட்டது, திருத்தக் காசு கட்டியது எல்லாம் தனிக்கதை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும், அவ்வளவுதான். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம். தேடினால் முதலில் வருவது காசு கேட்கும் தளங்கள், ஏமாறாதீர்கள்.

கிளம்பும் நாள் இவர் ரொம்பப் பொறுப்பாக ஒரு ஃபைல் தயார் செய்தார். பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாண சர்டிபிகேட் அசல், ஆதார், எல்லாம் வரிசையாக. "பத்திரமா இருக்கட்டும்" என்று அதைப் பெரிய சூட்கேஸின் அடியில், மிளகாய்த்தூள் பொட்டலங்களுக்குக் கீழே வைத்தார். சென்னையில் அந்த சூட்கேஸ் பெல்ட்டில் ஏறி உள்ளே போவதை நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குடியேற்றக் கவுண்ட்டரில் அதிகாரி நாலு பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்தார். அத்தை பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர். எனக்கு என் அப்பா பெயர். பிள்ளைகளுக்கு இவர் பெயர். நம் ஊரில் இது சகஜம். வெளியாளுக்கு நாங்கள் மூன்று குடும்பம். அவர் பிள்ளைகளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பெரியவனுக்கு நாலு வருஷம் முன்னால் எடுத்தது, பிறப்புச் சான்றிதழில் இருந்தபடியே அம்மா பெயர், பின்னால் இவர் பெயரோடு. சின்னவளுக்கு என் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அண்ணனுக்கு ஒரு அம்மா, தங்கைக்கு ஒரு அம்மா.

"இவங்கப்பா வரலையா?" இவர் எழுதிக் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும், அவர் பாஸ்போர்ட் நகலும் என் கைப்பையில் இருந்தன, கொடுத்தேன். படித்தார். "இது சரிம்மா. இந்தப் பையனோட அம்மா நீங்கதான்னு காட்ட வேற ஏதாவது?" ஃபைல் சூட்கேஸில். சூட்கேஸ் எங்கேயோ. தொண்டை வறண்டுவிட்டது.

சின்னவள் அழ ஆரம்பித்தாள். பால் புட்டிக்காக டயப்பர் பையில் கைவிட்டேன், ஜிப்பில் காகிதம் தட்டுப்பட்டது. நாலாக மடித்த ஜெராக்ஸ். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. அதில் என் போட்டோ, என் அப்பா பெயர், இவர் பெயர், சார்பதிவாளர் முத்திரை. இரண்டு பெயரையும் ஒரே ஆளாக ஆக்குகிற காகிதம் என்னிடம் அது ஒன்றுதான். அவர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து என்னையும் போட்டோவையும் பார்த்தார். பிறகு குனிந்து பெரியவனைக் கேட்டார்: "தம்பி, உங்கப்பா பேரு என்ன?"

"நைனா."

பக்கத்துக் கவுண்ட்டர்காரர் சிரித்துவிட்டார். நாலு முத்திரையும் டப் டப்பென்று விழுந்தன. அத்தை மட்டும் அவரிடம், "வீட்ல அப்பிடித்தான் கூப்புடுவான் சார், பேரு அவனுக்குத் தெரியும்" என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

கோலாலம்பூரில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, திரும்பும் டிக்கெட்டை மட்டும் பார்த்தார்கள். வந்த பிறகு என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அது வந்த பிறகு பெரியவனுடையதையும் சரி செய்ய வேண்டும். கல்யாண சர்டிபிகேட்டுக்கு இந்த முறை ஆறு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று இப்போதும் டயப்பர் பையில்தான் இருக்கிறது.