காயம் பட்ட பட்டையில் பால் வருமா?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா நாற்பது வருஷமாக ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் முந்நூறு மரத்தையும் முடித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். போன கார்த்திகையில் ஒரு நாள் பாதியிலேயே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "வாயு பிடிச்சிருக்கு மக்களே" என்றார். அம்மா சுக்கும் நல்லமிளகும் இடித்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். நானும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டரை மணி நேரம் அப்படியே போய்விட்டது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்த பிறகுதான் கார் பிடித்தோம். அந்த இரண்டரை மணி நேரத்தை நான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாரடைப்பு என்றார்கள். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள், உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ ரிப்போர்ட்டில் முன்சுவர் சரியாக அசையவில்லை என்றும் இ.எஃப். 35 என்றும் இருந்தது. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் 35 சதவீதம்தான் வெளியே போகிறது என்று அர்த்தம். நல்ல இதயத்தில் அது 50-க்கு மேல் இருக்கும்.

"அடைப்ப எடுத்தாச்சுல்லா, பின்ன ஏன் மூச்சு வாங்குது?" என்று அப்பா கேட்டார். அவருக்குத் தெரிந்த மரத்தை வைத்தே சொன்னேன். பால் வெட்டும்போது கத்தி உள்ளிருக்கும் தடிக்குப் போகாமல் மெல்லிசாக ஒரு அடுக்கை விட்டுவைக்க வேண்டும். அது இருந்தால்தான் புதுப் பட்டை வரும். கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக மூடிக்கொள்ளும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. இதயத்திலும் ரத்தம் கிடைக்காமல் செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. பெரிய மாரடைப்பில் நூறு கோடி தசை செல்கள் வரை போய்விடலாம். இதயம் புதுசாக உண்டாக்கிக்கொள்ளும் செல்களோ இளம் வயதிலேயே வருஷத்துக்கு ஒரு சதவீத அளவுதான், வயதாக ஆக அதிலும் பாதியாகிறது. செத்த இடத்தில் தழும்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தழும்பு சுருங்கி விரியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்க நெஞ்சுலயும் கத்தி ஆழமா பட்டுட்டு, இல்லியா?" என்றார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவள். மருத்துவம் படித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் இதயத்துக்குள் ஊசியால் செலுத்தும் ஜெல் பற்றித் தெரிந்துகொண்டேன்.

தழும்பின் ஓரத்தில் முழுசாகச் சாகாமல் தவிக்கும் தசை கொஞ்சம் இருக்கும். நல்ல இதயத்தில் ஏறக்குறைய ஒரு தசை செல்லுக்கு ஒரு தந்துகி, அதாவது மயிரிழை போன்ற ரத்தக்குழாய், என்கிற கணக்கில் ரத்தம் போகிறது. ஓரத்தில் இருப்பவற்றுக்கு அது கிடைப்பதில்லை. அங்கே புது ரத்தக் குழாய்களை வளர்த்துவிட்டால் அவற்றையாவது காப்பாற்றலாம் என்பதுதான் யோசனை. குழாயை வளரச் சொல்லும் புரதம் உடம்பிலேயே இருக்கிறது. வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அப்படியானால் அதையே ஊசியாகப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 178 நோயாளிகளை வைத்துச் செய்த வீவா என்ற சோதனையின் முடிவு 2003-ல் வந்தது. நடைப் பரிசோதனையில் 60-வது நாளில் பார்த்தபோது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட புரத ஊசி போட்டவர்கள் மேலாக இல்லை. ரத்தத்தில் கலந்த புரதம் அதிக நேரம் தங்குவதில்லை என்பது ஒரு காரணம். குழாய் வளர நாட்கணக்கில், வாரக்கணக்கில் அந்தப் புரதம் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரேயடியாக அள்ளிக் கொட்டினாலும் ஆபத்து. அப்போது முளைக்கும் குழாய்கள் ஒழுகும், தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். முளைத்ததைச் சுற்றித் தாங்கும் செல்கள் வந்து ஒட்டினால்தான் அது நிலைக்கும். அவற்றைக் கூப்பிடுவது வேறொரு புரதம், அது கொஞ்சம் பிந்தி வர வேண்டும்.

ஜெல்லின் வேலை இங்கேதான். உள்ளே போகும்போது நீர்மமாக ஊசி வழியே போக வேண்டும், போன இடத்தில் உறைய வேண்டும், பிடித்து வைத்திருப்பதைச் சிறுகச் சிறுக விட வேண்டும், கடைசியில் தானும் கரைய வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ரப்பர் பாலை உறைய வைக்கும் எங்கள் வீட்டு டிஷ்தான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் கலந்த பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டுக் கலக்கி வைத்தால் சாயங்காலத்துக்குள் தோசைமாவு போல இருந்தது கட்டியாகிவிடும். ஆனால் இதயத்துக்குள் ஆசிட் ஊற்ற முடியாதே. அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறையும் ஆல்ஜினேட்டைச் சிலர் எடுத்தார்கள். பழுப்பு நிறக் கடல்பாசியிலிருந்து வருவது அது. நம் முட்டம் கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் பாசிகளிலும் அந்த இனம் உண்டு. இன்னொரு கூட்டம் உடம்பின் 37 டிகிரி சூட்டிலேயே உறையும் ஜெல்லைச் செய்தது.

இந்த இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் சான் டியாகோவில் கேரன் கிறிஸ்ட்மன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் பிறந்தது. பெயர் வென்ட்ரிஜெல். பன்றியின் இதயத் தசையை எடுத்து, சோப்பு போன்ற ஒரு பொருளால் செல்களையெல்லாம் கழுவி நீக்கிவிட்டு, மிஞ்சும் சல்லடை போன்ற பின்னலைப் பொடித்துக் கரைத்துச் செய்கிறார்கள். தனியாக மருந்து சேர்ப்பதில்லை. அந்தச் சல்லடையே உடம்பின் செல்களையும் குழாய்களையும் உள்ளே கூப்பிடுகிறது.

"பன்னிக்க சதைய நம்ம ஒடம்பு ஏத்துக்குமா?" என்றார் அப்பா. முக்கியமாக உடம்பு எதிர்ப்பது அந்நியச் செல்களைத்தான், அதைத்தானே கழுவிவிடுகிறார்கள் என்றேன். பக்கத்தில் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இதே வழியில் பன்றியின் பித்தப்பையிலிருந்து புண்ணுக்கு வைக்கும் சவ்வு செய்து, 2023-ல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஸ்ரீசித்ரா என்றதும் அப்பா முகம் தெளிந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பெயர்மேல் அப்படியொரு நம்பிக்கை.

ஆனால் நம்பிக்கையை மட்டும் கொடுப்பது சரியில்லை என்று மற்றதையும் சொன்னேன். வென்ட்ரிஜெல்லை முதன்முதலில் 15 பேருக்குத்தான் போட்டார்கள், முடிவு 2019-ல் வந்தது. தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோய்த் தழும்பு ஓரத்தில் பல இடங்களில் குத்தினார்கள். ஆபத்தில்லாமல் போட முடிகிறது என்பது தெரிந்தது. ஆறு நிமிஷத்தில் அவர்கள் நடக்கும் தூரமும் கூடியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, ஜெல் போடாத கூட்டம் என்று ஒன்று அதில் இல்லை. பாசி ஜெல்லை இதய ரத்தக்குழாய் வழியாக விட்ட சோதனையில் 303 பேர் இருந்தார்கள். எலியிலும் பன்றியிலும் பார்த்த நன்மை மனிதரில் தெரியவில்லை. எனக்கு அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா அதை என்னைவிட நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ஒரு மரம் பால் தரல்லண்ணு தோட்டத்தையா வெட்டுவாவ?" என்றார்.

அந்த ஆறு நிமிஷக் கணக்கு மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரை ஒன்றும் தவறாமல், சாயங்காலம் அப்பாவும் நானும் சானல் கரையில் நடக்கிறோம். நான் வாட்ச் பார்ப்பேன். தை மாதத்தில் ஆறு நிமிஷத்துக்கு மடை வரைக்கும் போவார், அங்கே நின்றுவிடுவார். நேற்று மடையைத் தாண்டி, கலுங்கும் தாண்டி, அந்தப் பக்கத்து ரப்பர் மரத்தில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றார். நின்றவர் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இவன் நல்லா வெட்டுகான் மக்களே, காயமே இல்ல."