ஃபிட்ஸ் நின்ற பிறகு கேட்க வேண்டியவை

ஃபிட்ஸ் என்று கேஷுவால்டிக்குத் தூக்கி வரப்படுகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்து இருக்கும். வலிப்பு அனேகமாக இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். நிறுத்திய பெயர் கையில் வைத்த இரும்புக்குப் போய்விடுகிறது. 5 நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மருந்தான லோராசெபாம் 4 மி.கி. நரம்பில் மெதுவாக, ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காவிட்டால் அதே வகை மருந்தான மிடாசோலாம் 10 மி.கி. தொடைத் தசையில். இது பெரியவர்களுக்கான அளவு. மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து பாதி டோஸ் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிற்காத வலிப்புதான் மூச்சை அதிகம் கெடுக்கும்.

அதற்குள் விரலில் குத்தி சுகர் பார்த்திருக்க வேண்டும். 60-க்குக் கீழே என்றால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 100 மி.லி. ஏற்றியதும் ஆள் எழுந்து உட்காருவார். வீட்டுக்குக் கிளம்பவும் செய்வார். விடக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை, கிட்னி பழுதானவர் உடம்பில் தங்கிவிடும். சில மணி நேரத்தில் சுகர் மறுபடி இறங்கும். ஒரு நாளாவது வார்டில் இருக்கட்டும்.

"குடிப்பாரா?" என்று கேட்டால் பதில் வராது. "கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்க வேண்டும். குடியை நிறுத்துவதால் வரும் வலிப்பு, விட்ட 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சபரிமலைக்கு மாலை போடச் சட்டென்று நிறுத்தியவருக்கும் வரும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயாமின் (வைட்டமின் பி1) போட வேண்டும். சாராய வாடை அடிக்கிறதே என்று தலைக்காயத்தைத் தேடாமல் விடுவது பெரிய ஆபத்து.

வயதானவர் பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறாரா என்று பார்த்து, ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று டெஸ்டுக்கு அனுப்புவோம். குழந்தை என்றால் காய்ச்சல் உண்டா, பூஜை அறைக் கற்பூரத்தை வாயில் போட்டதா என்று விசாரிப்போம். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணியோ, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவரோ என்றால் பிரஷர் கருவியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அங்கே மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். பிரஷர் சரியாக இருந்து, சில நாளாகத் தலைவலியும் இருந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

ஸ்கேனில் மூளையில் நாடாப்புழுக் கட்டி என்றதும், "நாங்கள் சுத்த சைவமாச்சே" என்பார்கள். இந்தக் கட்டி பன்றிக்கறி தின்பதால் நேராக வருவதில்லை. புழு இருப்பவரின் மலத்தில் உள்ள முட்டை, கழுவாத கையிலும் பச்சைக் காய்கறியிலும் ஒட்டி வயிற்றுக்குள் போகிறது.

ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர் என்றால், விட்டுப்போன மாத்திரைதான் முதல் சந்தேகம். "ஒழுங்கா சாப்பிடுறார்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லி, வாங்கிய தேதியைப் பார்த்து மிச்சத்தை எண்ண வேண்டும்.