ஜிசிசியில் ஒரு ஆப்ஷன் சேர்த்த கதை

சி மொழியில் சைன்டு இன்டிஜர் (பிளஸ், மைனஸ் இரண்டையும் ஏற்கும் முழு எண்) எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று தரநிலை எதுவும் சொல்லாது. அதைச் சாக்காக வைத்து, சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி கணக்கைச் சுருக்கிவிடும். எஃப்ராப்வி (-fwrapv) என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் எண் ஒழுங்காகச் சுற்றி மைனஸுக்குப் போகும். எனக்கு அதைக் கொடுக்க எப்போதும் மறந்துவிடும். சரி, கம்பைலரைக் கட்டும்போதே அதை டீஃபால்ட் ஆக்கிவிடலாம் என்று இறங்கினேன். மாதிரிக்கு 2016-ல் ஜிசிசி 6-இல் வந்த எனேபிள்-டீஃபால்ட்-பை இருந்தது; அதுவும் வேறொரு ஆப்ஷனை இப்படி டீஃபால்ட் ஆக்குவதுதான்.

மாற்றம் சின்னதுதான். ஜிசிசி ஃபோல்டரின் கான்ஃபிகர் டாட் ஏசியில் (பில்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் மூலம்) சில வரிகள், ஆப்ஷன்களின் பட்டியலான காமன் டாட் ஆப்டில் ராப்வியின் தொடக்க மதிப்பு. அந்த ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் முரண்டு பிடித்தது: என்னிடம் இருந்தது 2.71, ஜிசிசிக்குச் சரியாக 2.69-தான் வேண்டுமாம். பழையதைத் தனியாக நிறுவினேன்.

பூட்ஸ்ட்ராப் (கம்பைலர் தன்னைத்தானே மறுபடி கட்டுவது) வேண்டாம், சி மட்டும் போதும் என்று பில்ட் ஓடவிட்டேன். சோதனைக்கு ஒரே ஒரு ஃபங்ஷன்: எக்ஸ் + 1, எக்ஸைவிடப் பெரியதா? ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் அசெம்பிளியைப் பார்த்தால், எதையும் ஒப்பிடாமல் விடை வைக்கும் ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 1-ஐ, அதாவது 'ஆம்' என்று போட்டுத் திரும்பியது. எண் சுற்றினால் உச்ச எண்ணுக்கு 'இல்லை' என்றுதானே வரவேண்டும்; அதாவது ராப்வி இல்லை.

கட்டிய விதத்தைக் காட்டும் ஜிசிசி மைனஸ் வி அடித்தேன். 'கான்ஃபிகர்டு வித்' வரியில் என் ஆப்ஷன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை நம்பி காமன் டாட் ஆப்டை அரை மணி நேரம் நோண்டினேன். அப்புறம் பில்ட் ஃபோல்டரில் கான்ஃபிகர் எழுதிவைக்கும் ஆட்டோ-ஹோஸ்ட் டாட் எச்சைத் திறந்தால், என் ஆப்ஷனின் மதிப்பு 0.

கான்ஃபிகருக்குக் கொடுத்த ஆப்ஷன் பெயரில், 'டீஃபால்ட்' (default) என்பதில் யு-வையும் ஏ-வையும் இடம் மாற்றி அடித்திருக்கிறேன்! மேல்மட்ட கான்ஃபிகர் இதற்கெல்லாம் முணுமுணுக்காது. அதன் கீழே பல உட்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஷன்கள். அதனால் தெரியாத ஆப்ஷனைச் சரிபார்ப்பதையே அங்கே அணைத்து வைத்திருக்கிறார்கள். 'கான்ஃபிகர்டு வித்' வரியும் நான் அடித்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். நியாயமான ஏற்பாடுதான், ஆனாலும் எரிச்சல்.

எழுத்தைத் திருத்தி மறுபடி கட்டினேன். இப்போது அதே ஃபங்ஷன் எக்ஸை உச்ச எண்ணான 2147483647-உடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பதில் தருகிறது. ஜிசிசியின் நிறுவல் கையேடான இன்ஸ்டால் டாட் டெக்சியில் இந்த ஆப்ஷனுக்கு நாலு வரி விளக்கம் எழுதுவதுதான் பாக்கி.